நண்டு வண்டியும் நாலு பூனைகளும்

சுப்புராயன் போன் பண்ணி, "டேய் நோயலு, என் வண்டிய பூன சுத்திகினு கீதுடா" என்று சொன்னபோது, காலையிலேயே தண்ணி போட்டுவிட்டான் என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் அவன் குடியை விட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது என்பது ஞாபகத்துக்கு வந்தது. குடிக்காத மனுஷன் இப்படிப் பேசினால் அது இன்னும் பெரிய பேஜார்.

"பூனைக்கு நா இன்னா மாமு பண்றது? நா மோட்டார் மெக்கானிக்கு."

"பூன மட்டும் இல்லடா. முன் சக்கரத்துல கடக்கு கடக்குன்னு சத்தம். திருப்புனா பல்லக் கடிக்கிற மாரி கீது. ரெண்டு நாளா நா கரைக்குப் போவல."

கடைசி வாக்கியத்தில் அவன் குரல் இறங்கிவிட்டது. காசிமேட்டில் என் பட்டறையில் ஒரு படகு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தேன். அதன் மேல் ஒரு கோணியைப் போர்த்திவிட்டு, டூல் பையை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். ராயபுரத்தில் வீட்டில் இருந்த கரோலினுக்குப் போனில் சொன்னேன். "அந்தாளு தும்முனா நீங்க தைலம் எடுத்துகினு ஓடுவீங்க" என்றாள் என் மனைவி. உண்மைதான், முப்பது வருஷப் பழக்கம். அவனைத் திட்டுவதற்கு எனக்கு இருக்கிற உரிமை அவன் பெண்டாட்டிக்குக்கூடக் கிடையாது என்பது என் எண்ணம்.

அவன் குப்பம் திருவொற்றியூரைத் தாண்டி, எண்ணூர் போகிற ரோட்டை ஒட்டி இருக்கிறது. இந்தப் பக்கம் கன்டெய்னர் லாரி வரிசை, அந்தப் பக்கம் கடல், நடுவில் அவன் வீடு. வீட்டு வாசலில் நிற்கும் அந்த வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஏ.டி.வி. என்று அதற்குப் பெயர். பைக் மாதிரி கால் போட்டு ஏறி உட்கார வேண்டும், ஆனால் நாலு சக்கரம். உப்பிப்போன டயர், மணலில் புதையாது. ஊருக்குத் தெற்கே மூடிப்போன ஏதோ ஒரு ரிசார்ட்டில் டூரிஸ்ட்காரர்களைச் சுமந்துகொண்டிருந்தது, கைமாறிக் கைமாறி இங்கே வந்து சேர்ந்தது. குப்பத்துப் பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் நண்டு வண்டி.

மூன்று வருஷம் முன்னால் படகுக்கும் கருங்கல்லுக்கும் நடுவில் சுப்புராயனின் இடது கால் மாட்டிக்கொண்டது. எலும்பு கூடிவிட்டது, கணுக்கால் மடங்குவது மட்டும் நின்றுவிட்டது. சிமென்ட் ரோட்டில் தடியை ஊன்றி நடந்துவிடுவான். மணலில் பத்தடி வைக்க முடியாது. அவன் வாசலிலிருந்து தண்ணீர் வரைக்கும் இருநூறு அடி மணல். அந்த இருநூறு அடிக்காகத்தான் நண்டு வண்டி.

தண்ணீர் ஓரத்தில் அவனுக்கு ஒரு வேலை இருந்தது. அந்தப் பக்கம் கடல் அரிக்காமல் இருக்கக் கருங்கல்லைக் கொட்டி, கரையிலிருந்து கடலுக்குள் நீட்டி நீட்டி விட்டிருக்கிறார்கள். தூண்டில் வளைவு என்பார்கள். இரண்டு வளைவுக்கு நடுவில் இருக்கிற சந்துக்குள்தான் ஃபைபர் படகை ஓட்டி வரவேண்டும். கடலிலிருந்து பார்க்கிறவனுக்கு அலையின் முதுகுதான் தெரியும், அது எங்கே உடைகிறது என்பது கரையில் நிற்கிறவனுக்குத்தான் தெரியும். மூன்று நாலு பெரிய அலைக்குப் பிறகு கடல் கொஞ்சம் மூச்சு விடும். அந்த நேரம் பார்த்துக் கரையில் இருப்பவன் சிவப்புத் துண்டை வீசினால் படகு உள்ளே பாயும். அந்தத் துண்டு பதினைந்து வருஷமாகச் சுப்புராயன் கையில் இருந்தது; கடலுக்குப் போன காலத்தில் தன் படகைக் கரை சேர்த்துவிட்டு மற்றவர்களுக்கு வீசுவான், கால் போன பிறகு அதுவே முழு நேர வேலை. சுக்கான் பிடித்துப் பழகிய ஆண்பிள்ளை வீசினால்தான் படகு வரும், வேறு யார் வீசினாலும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பது அந்தக் குப்பத்து வழக்கம்.

நான் போய் இறங்கியபோது வாசலில் அவன் மகன் அர்ஜுன் நின்றிருந்தான். இருபத்தேழு வயசு, இப்போது அப்பன் படகை அவன்தான் ஓட்டுகிறான்.

"மாமா, வண்டிய ரெடி பண்ணாத. நா விக்கப்போறேன்" என்றான் எடுத்த எடுப்பில். "மணலி புதுநகர்ல தமீம் பாய்னு ஒருத்தரு கேட்டுகினே கீறாரு. நாளிக்கு காத்தால ஏயு மணிக்கு குட்டியான லாரி எடுத்துகினு வராரு. போட்ட இனிமே காசிமேட்லயே கட்டிக்கறேன்."

"இன்னாத்துக்குடா விக்கிற?"

"நைனாவுக்கு முன்ன மாரி இல்ல மாமா. போன மாசம் ரெண்டு தபா துண்டு லேட்டா வந்திச்சி. ஒரு தபா போட்டு கல்லுல ஒரசிடுச்சி. அவரே ஒருநாள் அலையில வண்டியோட சாஞ்சிருப்பாரு. போதும், வூட்ல குந்தட்டும்."

கதவோரம் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்த சுப்புராயன் தடியைத் தரையில் தட்டினான்.

"நாளிக்கு காத்தால நா கரையில நின்னு ஒயுங்கா துண்டு வீசுனா?"

அர்ஜுன் அப்பனைப் பார்த்தான். "வீசுனீன்னாக்கண்டி வண்டி இருக்கட்டும். இல்லாங்காட்டி பாய் எடுத்துகினு பூடுவாரு. அப்பால பேச்சே கெடையாது."

சொல்லிவிட்டு வலையைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டான். கெட்ட பையன் இல்லை. அப்பனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்கிற பயத்தைக் கோபத்தால் மூடி வைக்கிற வயசு. ஆனால் எனக்குத் தெரியும், இந்த வண்டி போய்விட்டால் சுப்புராயன் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அந்தப் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து லாரி எண்ணிக்கொண்டிருப்பான்.

"சேர இந்தாண்ட இய்த்து போடு. வேல பாக்கலாம்" என்றேன்.

வண்டியின் மூக்கைத் தூக்கி மீன் பெட்டி மேல் நிறுத்தினேன். அவன் சொன்னது பொய்யில்லை. எங்கிருந்தோ நாலு பூனைகள் வந்து, வலது முன் சக்கரத்தைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்தன. விரட்டினால் இரண்டடி தள்ளிப் போய் மறுபடி உட்கார்ந்தன. சக்கரத்தைக் கழற்றினேன். குப்பென்று மீன் நாற்றம் அடித்தது.

சக்கரத்துக்குப் போகும் ஆக்சிலின் முனையில் ஒரு ஜாயின்ட் இருக்கும். அதன் மேல் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை. ஆக்சில் பூட் என்போம். கிரீஸ் உள்ளேயும் மணல் வெளியேயும் இருப்பதற்கு அதுதான் காவல். கிழிந்தால் கிரீஸ் ஒழுகிப் போகும், மணல் உள்ளே புகும், அப்புறம் ஜாயின்ட் தன்னைத் தானே அரைத்துக்கொள்ளும். இந்த உறை கிழிந்திருந்தது. கிழிந்ததில் ஆச்சரியம் இல்லை, மணலில் ஓடுகிற வண்டி. யாரோ அதைத் தைத்திருந்தார்கள். நான் இதுவரை பார்த்திராத வேலை அதுதான்.

கிழிசல் மேல் சைக்கிள் ட்யூப் துண்டை வைத்து, கோணி ஊசியால் ஓட்டை போட்டு, பச்சை நைலான் நூலால் சுற்றிவரத் தைத்திருந்தது. தையலுக்குத் தையல் ஒரே அளவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வலை முடிச்சு. கிட்டே போய்ப் பார்த்தேன். எல்லா முடிச்சின் வாலும் இடது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. இந்தக் குப்பத்தில் வலை தைக்கிற நாற்பது பேரில் இடதுகைக்காரி ஒருத்திதான்.

"மாமு, போயி டீ சொல்லிட்டு வா" என்றேன். ரோட்டோர டீக்கடை வரைக்கும் சிமென்ட்தான். அவன் தடியை ஊன்றிப் போய் மறைந்ததும் உள்ளே பார்த்துக் கூப்பிட்டேன். "தங்கச்சி, கொஞ்சம் வா."

சுப்புராயனின் மனைவி மங்கை ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். ஐந்தடிகூட இல்லாத உருவம், குரல் மட்டும் தெருமுனை வரைக்கும் கேட்கும். நான் கையில் பிடித்திருந்ததைப் பார்த்ததும் அந்தக் குரலும் காணாமல் போய்விட்டது.

"பூன கடிச்சிருக்கும்ணா."

"கடிச்சிட்டு நைலான் நூல்ல தச்சிட்டும் பூட்ச்சா?"

சிரித்துவிட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு டீக்கடைப் பக்கம் பார்த்தாள். அப்படியே என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"மத்யானத்துல அவரு தூங்குவாருல்ல, அப்ப வண்டிய எடுத்துகினு போவேன். ஒரு மாசமா கத்துக்கறேன். ரெண்டு வாரம் முன்ன கல்லாண்ட திருப்பச்சொல்ல ஒரு கம்பி நீட்டிகினு இருந்திச்சி, கியிச்சிடுச்சி. உள்ள இருந்த கிரீஸெல்லாம் ஒயுகிப் பூட்ச்சி. மரப் படகுக்குப் பூசுற மீன் எண்ண பழைய டின்னு ஒண்ணு இருந்திச்சி. அத்த ஊத்தி வாயத் தச்சிட்டேன்."

பூனைகளின் மர்மம் தீர்ந்தது.

"உள்ள மணலு இருந்திருக்குமே, அத்த கயுவுனியா?"

"கயுவணுமா?"

நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். வலையில் மணல் இருந்தால் இருக்கட்டும் என்றுதானே தைப்பார்கள், கடலில் இறக்கினால் அதுவே போய்விடும். சோற்றில் கடிபட்டாலே துப்பிவிட்டு அடுத்த கவளம் எடுக்கிற ஜனத்துக்கு மணல் ஒரு அழுக்கே கிடையாது. அவள் மணலை உள்ளே வைத்து, ஒரு துகள்கூட வெளியே வர முடியாதபடி அவ்வளவு அழகாகத் தைத்திருந்தாள்.

"ஒனக்கு இன்னாத்துக்கு தங்கச்சி இந்த வேல? இந்த வயசுல வண்டி கத்துகினு எங்க போவப்போற?"

கீழே கிடந்த நூலை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே பேசினாள்.

"அவருக்குக் கண்ணு தெர்லண்ணா. என்னாண்ட சொல்லல. ஆராண்டயும் சொல்லல. அர்ஜுன் போட்டு வந்தா மோட்டார் சத்தத்த வச்சிதான் சொல்றாரு, பாத்து சொல்றதில்ல. துண்டு லேட்டா போறது அதாலதான். அவரு நின்னுகினு வீசணும்னா வண்டிய ஆராச்சும் புடிச்சிக்கணும்ல? நா ஓட்டுனா நானும் தண்ணியாண்ட இருப்பேன். எது பெரிசு, எங்க ஒடயுதுன்னு மெல்லமா சொல்லிடுவேன். நானே வீசலாம், எனக்கு அல தெரியாதா? ஆனா நா வீசுனா எவன் வருவான்?"

"இத்த அவன்கிட்டயே சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா துண்ட மடிச்சி பொட்டியில வச்சிடுவாரு. அப்பால எந்திரிக்கவே மாட்டாரு. நீ வாயத் தொறக்கக்கூடாது. சத்தியம் பண்ணு."

டீத் தம்ளர்களோடு தடிச் சத்தம் கேட்டது. நான் அவசரமாகத் தலையை ஆட்டிவைத்தேன். முட்டாள்தனம், ஆனால் ஆட்டிவிட்டேன்.

டீயைக் குடித்துவிட்டு, உறையின் அளவை நூலில் எடுத்துக்கொண்டு திருவொற்றியூர்த் தேரடிப் பக்கம் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு ஓடினேன். இந்த வண்டிக்கான உறை அங்கே இருக்காது என்று தெரியும். ஒரு சின்ன காரின் உறையைத் தேடிப் பிடித்தேன், வாயை ஒரு மடிப்பு வெட்டினால் பொருந்தும். ஒரு டப்பா கருப்பு கிரீஸும் வாங்கினேன். உறையின் பெரிய வாயை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் வளையம் கிடைத்தது, சின்ன வாய்க்குக் கிடைக்கவில்லை. திரும்பி வரும்போது மணி இரண்டு.

ஆக்சிலை உருவி எடுத்து, லாக் வளையத்தை நெம்பி, ஜாயின்ட்டைத் தட்டிக் கழற்றினேன். டீசலில் போட்டுக் கழுவினால் மணல் கொட்டுகிறது, கொட்டிக்கொண்டே இருக்கிறது. உள்ளே இருக்கும் ஆறு எஃகு குண்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஒன்றில் மட்டும் லேசாகக் கீறல். துரு ஒரு பொட்டுகூட இல்லை. உப்புக் காற்றில், கிரீஸ் இல்லாமல் இரண்டு வாரம் ஓடிய ஜாயின்ட் துருப்பிடித்துக் கட்டிப் போயிருக்க வேண்டும். மீன் எண்ணெய் காப்பாற்றியிருக்கிறது. மங்கையைத் திட்டுவதா பாராட்டுவதா என்று தெரியாமல், யாரையும் குறிப்பிடாமல் பொதுவாகத் திட்டினேன்.

சுப்புராயன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். நான் பார்க்காத நேரத்தில் பழைய உறையைக் கையில் எடுத்துவிட்டான். எனக்குத் திக்கென்றது. அவன் அதைக் கண்ணருகில் கொண்டுபோகவில்லை. மடியில் வைத்து, விரலால் தையல் மேல் மெதுவாகத் தடவிக்கொண்டே போனான்.

"மங்க முடிச்சி" என்றான்.

"எந்த மங்க?"

"டபாய்க்காதடா. முப்பது வருசமா இவ தச்ச வலையதான் கடலுக்கு எடுத்துகினு போனேன். இருட்டுல கை வச்சாலே தெரியும்." அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "வண்டி ஓட்டக் கத்துக்கறா. மத்யானம் நா தூங்கறேன்னு நெனச்சிகினு போறா. எந்திரிச்சி வந்து பாத்தா தெனமும் ஹாண்டில் கண்ணாடி கீய பாத்துகினு கீது. அவ குள்ளம்ல. நா ஒண்ணியும் கேக்காம மேல திருப்பி வச்சிடுவேன்."

"தெரிஞ்சிகினு ஏன்டா கேக்கல?"

"கேட்டா வெக்கப்பட்டுகினு நிறுத்திடுவா. கத்துக்கட்டும்னு வுட்டேன்." குரலைத் தாழ்த்தினான். "எனக்குக் கண்ணு பொகையா கீது நோயலு. கிட்ட இருக்கறது தெரியுது, தூரத்துல அலயும் வானமும் ஒண்ணாப் பூடுது. மங்கைக்குத் தெரியாது, தெரிஞ்சா பயந்துடுவா. ஒருநாள் என்னால ஓட்ட முடியலன்னா இவ கூட்டிகினு போவா இல்ல? அதுக்குதான். நீ வாயத் தொறக்காத."

நான் குண்டுகளைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். பத்து மணிக்கு ஒருத்திக்குச் சத்தியம், மூன்று மணிக்கு ஒருத்தனுக்குச் சத்தியம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சாமியாரிடம் என் பாவத்தைச் சொல்லி இறக்கிவைத்துப் பாவசங்கீர்த்தனம் செய்கிற ஆள் நான், என்னிடம் வந்து ஆளுக்கு ஒன்று சொன்னால் நான் எங்கே கொண்டுபோய் இறக்குவது?

மங்கை சோறும் மீன் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். சாப்பிட்டுவிட்டு மறுபடி வேலையில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் பக்கத்திலேயே இருந்தார்கள், அதுதான் கொடுமை.

"இன்னிக்கு ஏதோ எண்ண நாத்தம் அடிக்குதுல்ல?" என்றான் சுப்புராயன், வானத்தைப் பார்த்து.

"ஃபாக்டரி காத்தா இருக்கும். அங்க பாரு, போட்டு ஒண்ணு போவுது, தெரியுதா?" என்றாள் மங்கை.

"தெரியுதே. நல்லா தெரியுது."

அந்தப் பக்கம் படகே இல்லை. மங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கிரீஸை அள்ளி ஜாயின்ட்டில் திணித்தேன், ஆக்சில் முனையில் மாட்டினேன், சுத்தியலால் தட்டினேன். லாக் விழுந்து டக்கென்று சத்தம் வந்தது. நல்ல சத்தம். திரும்பிப் பார்த்தேன். புது உறை தரையில் இருந்தது. அதன் மேல் ஒரு பூனை சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

உறையை முதலில் ஆக்சிலில் கோத்துவிட்டுத்தான் ஜாயின்ட்டை மாட்ட வேண்டும். மாட்டிய பிறகு கோக்க முடியாது. முப்பது வருஷத்தில் இந்தத் தப்பை நான் செய்ததில்லை. மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். சுத்தியலைத் தூக்கித் தரையில் போட்டேன்.

"ஒங்க ரெண்டு பேரால என் வேலையே கெட்டுது! நீ வண்டி ஓட்றது அவனுக்குத் தெரியும்! அவனுக்குக் கண்ணு தெரியலன்றது ஒனக்குத் தெரியும்! முப்பது வருசம் ஒரே தட்டுல துண்ணுட்டு இத்தக்கூட ஒருத்தருக்கொருத்தரு சொல்லிக்க மாட்டீங்களா? நடுவுல நா ஒருத்தன், எல்லாத்தியும் முழுங்கிகினு குந்தணுமா? இப்ப ஆராச்சும் அந்தப் பூனையத் தூக்குங்க!"

கத்தி முடித்ததும் நாலு பூனைகளில் மூன்று ஓடிவிட்டன. உறை மேல் படுத்திருந்தது மட்டும் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. அவர்கள் இருவரும் என்னைப் பார்க்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தப்பு செய்துவிட்டேனோ என்று நினைத்தேன்.

சுப்புராயன்தான் முதலில் பேசினான். "எப்பத்துலேந்து தெரியும்?"

"பொங்கலுக்கு. வாசல்ல போட்ட கோலத்த மிதிச்சிகினு போன. ஒரு நாளும் நீ மிதிச்சதில்ல."

"பயந்தியா?"

"பயம் இன்னாத்துக்கு? நீயா சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன். சொல்லல, அதான் கஷ்டமா இருந்திச்சி." மூக்கைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அப்புறம் ஏதோ நினைவு வந்தவளாக நிமிர்ந்தாள். "அப்ப கண்ணாடிய தெனமும் நீதான் திருப்பி வச்சியா? நா அது தானா மேல பூடுதுன்னு நெனச்சிகினு இருந்தேன்யா."

சுப்புராயன் சிரிக்க ஆரம்பித்தான். சிரித்துச் சிரித்து இருமினான், அவள் முதுகைத் தட்டினாள். தட்டிய கையை எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தாள். நான் சுத்தியலைத் தேடுகிற சாக்கில் வண்டிக்கு அந்தப் பக்கம் போனேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது, வேறென்ன.

திரும்பி வந்தபோது அவன் பூனையை இரண்டு கையாலும் மெதுவாகத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, உறையை என்னிடம் நீட்டினான். லாக்கை மறுபடி நெம்பி எடுத்தேன். உறையைக் கோத்தேன், ஜாயின்ட்டை மாட்டினேன். உறைக்குள் கட்டிக்கொண்ட காற்றை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் விலக்கி வெளியே விட்டு, பெரிய வாயில் கிளாம்பை இறுக்கினேன். சின்ன வாய்க்கு கிளாம்ப் இல்லை.

"தங்கச்சி, நூல எடுத்துகினு வா."

"நெசமாவா?"

"பன்னெண்டு சுத்து. இறுக்கமா. மொதல்ல கைய கயுவு."

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, இடது கையால் இழுத்து இழுத்துச் சுற்றினாள். கடைசி முடிச்சைப் போட்டுப் பல்லால் நூலை அறுத்தாள். எந்தக் கம்பெனி கிளாம்ப்பும் அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை. இருட்டுவதற்குள் சக்கரத்தை மாட்டிவிட்டு, வாசலில் இரண்டு வட்டம் ஓட்டிப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை.

மறுநாள் காலை ஆறரைக்கெல்லாம் நான் அங்கே இருந்தேன். ரோட்டோரம் தமீம் பாய் குட்டியானையை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். தங்கமான மனுஷன், எனக்கும் ஒரு டீ சொன்னார். அன்றைக்குப் பார்த்து அலை பெரிதாக இருந்தது. கல்லில் அடித்த தண்ணீர் ஆள் உயரத்துக்கு எழும்பியது.

வண்டி வாசலிலிருந்து இறங்கியது. மங்கை ஓட்டினாள். பின்னால் சுப்புராயன், இரண்டு பக்கக் கால் பலகையிலும் கால் ஊன்றி நின்றபடி, ஒரு கையால் அவள் தோளைப் பிடித்திருந்தான், இன்னொரு கையில் சிவப்புத் துண்டு. வலை தைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஊசியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். யாரோ விசில் அடித்தார்கள். மங்கை யாரையும் திரும்பிப் பார்க்காமல் நேராகத் தண்ணீர் ஓரம் போய் நிறுத்தினாள். நானும் பின்னாலேயே ஓடிப்போய் வண்டி பக்கத்தில் நின்றேன்.

வெளியே அர்ஜுனின் படகு காத்துக்கொண்டிருந்தது. அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு.

"ஒண்ணு போச்சி" என்றாள் மங்கை, உதடு அசையாமல். "ரெண்டு. தோ மூணாவுது, ஒடஞ்சிடுச்சி."

சுப்புராயனின் கை பாதி உயர்ந்துவிட்டது. பதினைந்து வருஷப் பழக்கம், மூன்றுக்கு அப்புறம் கை தானாகவே எழும்புகிறது.

"இர்ரு! பின்னாடி இன்னொண்ணு கீது."

கை அந்தரத்தில் நின்றது. நானும் அப்போதுதான் பார்த்தேன். நாலாவது அலை முன்னால் போன மூன்றையும்விடப் பெரிதாக எழும்பி, இரண்டு வளைவுக்கும் நடுவில், படகு நுழைகிற வாயிலேயே வந்து உடைந்தது. துண்டு வீசியிருந்தால் அர்ஜுன் அதற்குள் இருந்திருப்பான்.

நுரை அடங்கியது. தண்ணீர் வழுவழுவென்று ஆனது.

"இப்ப" என்றாள்.

சுப்புராயன் துண்டை முழு நீளத்துக்கு வீசினான். மோட்டார் உறுமியது. படகு சந்துக்குள் பாய்ந்து வந்து, மணலில் முட்டி நின்றது. அதே ஓய்வில் இரண்டாவதும் வந்துவிட்டது, அடுத்ததில் மூன்றாவதும்.

அர்ஜுன் குதித்து இறங்கி, இடுப்பளவு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது. "நைனா, நாலாவுது வரும்னு எப்டி கண்டுபுடிச்ச? நா மூணோட வந்திருப்பேன்!" அப்புறம்தான் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தான். "யம்மா, நீ இன்னா இங்க?"

அந்த இடத்தில் சுப்புராயன் சும்மா இருந்திருக்கலாம். மகன் வாயால் பாராட்டு, வண்டியும் கையில், பந்தயமும் ஜெயித்தாயிற்று. நான்கூட அவன் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றுதான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"துண்டுதான்டா என்து. கண்ணு உங்கம்மாது. எனக்குத் தெர்ல, பொங்கலுக்கு முன்னாலேந்தே தெர்ல. இனிமே அவ சொல்லுவா, நா வீசுவேன். அதுக்கு ஒத்துக்கறியா, இல்ல பாயக் கூப்புடறியா?"

அர்ஜுன் அப்பனையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றான். பிறகு படகுக்குப் போய், இருந்ததில் பெரிய வஞ்சிரமாக ஒன்றை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஏறினான். "பாய், மன்னிச்சிக்கோ. வண்டி இல்ல. கொயம்புக்கு இத்த எடுத்துகினு போ" என்று அவன் சொல்வது எங்களுக்குக் கேட்டது. திரும்பி வந்தவன் அப்பனின் முழங்காலைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் முகத்தை வைத்திருந்தான். "நாளிக்கு கண்ணாஸ்பத்திரிக்குப் போறோம். ஒண்ணியும் பேசாத" என்றான் அந்த முழங்காலிடம்.

"நாளிக்கு மட்டும் அலைய ஆரு பாக்கறது?" என்றாள் மங்கை.

"ஒம்போது மணிக்கு அப்பால போலாம்மா."

மீனெல்லாம் இறங்கிய பிறகு வீட்டுக்குக் கிளம்பினோம். மங்கை தண்ணீரில் கை கழுவப் போயிருந்தாள். சுப்புராயன் வண்டியை விட்டு இறங்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டு அதன் முன் சீட்டுப் பக்கம் வந்தான். ஹாண்டிலில் இருந்த கண்ணாடி கீழே பார்த்துக்கொண்டிருந்தது. பழக்க தோஷம், அதைத் திருப்ப அவன் கை போனது. தொட்டுப் பார்த்தான். அப்படியே விட்டுவிட்டு, பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு அவளைக் கூப்பிட்டான்.